பிடியரிசி முதல் கண்தானம் வரை

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டனர். சங்கத்தின் தலைவியர், செயலாளர்கள், கட்டி முடித்த மண்டபங்கள் ஆகியவை பற்றி இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதப்பட்டுள்ளன. நாம் எடுத்துக்கொண்ட விடயம் வேறு. கடந்த பொதுக்கூட்டத்தில் நூற்றாண்டுச் சேவைத் திட்டம் எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்து, முடிவின்றி ஒத்திவைக்கப்பட்டது. வெளிநாட்டுக் கிளைகள் பணம் அனுப்ப ஆயத்தமாக இருக்கின்றன. அதை வைத்து இன்னுமொரு கட்டடம் எழுப்பலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. கட்டடம் போதும், அங்கத்தவர்கள் தாமே இறங்கிச் செய்யும் வேலையே வேண்டும் என்பது மறுசாரார் கருத்து. "எனக்கு நேரமில்லைப் பிள்ளை, காசெண்டால் தாறன்" என்று கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் பாதி உண்மையும் இருந்தது.

இந்நாட்டுப் பெண்கள் சங்கமாகக் கூடியபோது என்னென்ன வழிகளில் தொண்டு செய்தார்கள், அவற்றுள் எவை நின்றன, எவை நிற்கவில்லை என்பதைப் பார்த்தால் அந்த விவாதத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும் என்பதே எமது எண்ணம்.

சங்கம், கழகம், தலைவி, பொருளாளர் என்ற அமைப்புகளெல்லாம் வருவதற்கு முன்பே எமது வீடுகளில் பிடியரிசி இருந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போடுவார்கள். கிழமைக்கொரு தடவை கோயிலுக்கோ பாடசாலைக்கோ அதைச் சேர்க்க ஆள் வரும். கையிற் காசு புழங்காத, வீட்டுப் பணத்தில் உரிமையில்லாத ஒரு பெண், யாரிடமும் கேட்காமல் கொடுக்கக்கூடியது அந்த ஒரு பிடிதான். சமையல் அவள் கையில் இருந்ததால் அந்தத் தருமமும் அவள் கையில் இருந்தது. இதைச் சிறு விடயம் என்று தள்ளிவிடக் கூடாது. 1870களின் பஞ்சத்தின்போது யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித் தொட்டித் தருமம் நடத்திய வரலாறு எல்லோருக்கும் தெரியும். அரிசி அளந்தவர்கள், கஞ்சி காய்ச்சியவர்கள், தொட்டி கழுவியவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. தொண்டின் வரலாற்றில் பெண்களைத் தேடுபவர்கள் முதலிற் சந்திக்கும் இடைஞ்சல் இதுவே.

பெயரோடு அறியப்பட்ட ஒருவரிடம் வருவோம். வைத்திய கலாநிதி மேரி இரத்தினம் 1873இல் கனடாவிற் பிறந்தவர். மருத்துவம் படித்து, 1896இல் மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வந்தார். தமிழரான சாமுவேல் கனகரத்தினத்தை மணந்தார். வெள்ளைக்காரப் பெண் உள்ளூர்வாசியை மணந்ததை மிஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கொழும்பிலேயே தங்கி, அரை நூற்றாண்டுக்கு மேல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். வைத்தியர் என்ற வகையில் அவர் செய்தவை ஒருபுறமிருக்க, நாம் கவனிக்க வேண்டியது அவர் எத்தனை சங்கங்களின் தொடக்கத்தில் நின்றார் என்பது. 1909இல் உருவான தமிழ் மகளிர் சங்கம் இன்றும் கொழும்பில் கலாலயத்தை நடத்திவருகிறது. அதன் தொடக்கத்திலும் அவர் பங்கு இருந்தது. 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரி எழுந்த சங்கத்திலும் அவர் இருந்தார்.

அந்த வாக்குரிமைக் குழுவைப் பற்றி ஒரு செய்தி. டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளிக்கச் சென்ற பெண்களுக்கு அக்னெஸ் டி சில்வா தலைமை தாங்கினார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அவர் தயங்காமற் சொன்னார். 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குக் கிடைத்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அதே தோட்டப் பெண்கள் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தது வேறொரு வரலாறு. எனினும் ஆணைக்குழுவின் மேசைக்கு முன்னால் இருந்து, அங்கே வர முடியாதவர்களுக்காகவும் பேசுவது ஒரு தொண்டு என்பதை அந்தப் பெண்கள் காட்டினார்கள். அதற்குப் பணம் தேவைப்படவில்லை. துணிவும் மொழியறிவும் தேவைப்பட்டன. அவை இரண்டையும் எமக்குக் கல்லூரி தந்திருக்கிறது.

1930களின் தொடக்கத்தில் மேரி இரத்தினம் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். அதற்கு முன்மாதிரி அவரது தாய்நாட்டிலிருந்து வந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலெயிட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889இல் தமது கைக்குழந்தையை இழந்தார். கெட்டுப்போன பாலே காரணமென்று அவர் நம்பினார். படித்த தாய்மாருக்குக்கூட வீட்டுச் சுகாதாரம் தெரியாதிருக்கிறதே என்ற ஆற்றாமையில் பேசத் தொடங்கினார். 1897இல் ஸ்டோனி கிறீக் என்ற சிற்றூரில் கமக்காரர்களின் மனைவியர் கூடி முதலாவது மாதர் நிலையத்தை அமைத்தார்கள். அது உலகமெங்கும் பரவிற்று. அந்த விதையை எமது கிராமங்களுக்கேற்ப மாற்றி நட்டவர் மேரி இரத்தினம். குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், சமையல், தையல், கோழி வளர்ப்பு, வீட்டுத் தோட்டம் என்று பாடங்கள் போயின. கொழும்புப் பெண்மணிகள் காரில் வந்து இறங்கி அறிவுரை கூறிவிட்டுப் போவதல்ல இதன் முறை. கிராமத்துப் பெண்கள் தமது சமிதியைத் தாமே நடத்த வேண்டும், தமது தலைவியைத் தாமே தெரிய வேண்டும். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் மேரி இரத்தினமே. 1958இல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. அவர் தொடக்கிய சமிதி அவர் மறைந்து அறுபது ஆண்டுக்கு மேலாகியும் இருக்கிறது. தொடக்கியவர் விலகிய பின்னும் நடக்கும்படி அமைக்கப்பட்டதே அதற்குக் காரணம் என்று எமக்குப் படுகிறது.

இதே காலத்தில்தான் 1934, 35இன் மலேரியா வந்தது. மழை பொய்த்து, தென்மேற்கின் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. வழக்கமாக மலேரியா இல்லாத, ஆகவே அதற்கு உடல் பழகாத கேகாலை, குருநாகல் பகுதிகளில் நோய் புகுந்தது. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அரசாங்கம் குயினைன் அனுப்பியது. வயிறு காய்ந்து கிடந்தவர்களுக்குக் குயினைன் மட்டும் என்ன செய்யும்?

அந்த நேரத்திற் கிராமங்களுக்குள் இறங்கியவர்களுள் சூரியமல் இயக்கத்தவரும் அடங்குவர். அந்த இயக்கத்தின் தொடக்கமே ஒரு பூ விற்பனை. முதலாம் உலகப் போரின் நினைவு நாளான நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்று, அந்தப் பணத்தின் பெரும்பகுதியைப் பிரித்தானியாவுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். எமது பணம் எமது நாட்டவருக்கே ஆகட்டும் என்று சிலர் அதற்குப் பதிலாகச் சூரிய மலரை விற்றார்கள். சிங்களத்தில் சூரிய என்பது எமது வேலியோரத்துப் பூவரசு. 1933இல் அந்த இயக்கம் புத்துயிர் பெற்றபோது அதன் தலைவியானவர் டொரீன் யங். இங்கிலாந்திலிருந்து வந்து, கொழும்பில் ஒரு மகளிர் பாடசாலையின் அதிபராக இருந்தவர். மலேரியா வந்ததும் பூ விற்றவர்கள் மருந்துப் பெட்டி தூக்கினார்கள். வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மேரி இரத்தினமும் அந்த நிவாரணப் பணியில் இருந்தனர். பட்டினியே பாதி நோய் என்பதைக் கண்டு, மாமைற்றை உருட்டி, நாட்டு வைத்தியரின் குளிகை போலாக்கிக் கொடுத்தார்கள். மருந்து என்றால் குளிகைதான் என்று நம்பிய மக்கள் அதை மறுக்காமல் விழுங்கினார்கள். என். எம். பெரேரா பருப்புப் பகிர்ந்ததால் "பருப்பு மஹத்தயா" என்ற பட்டத்தைப் பெற்றார். தொண்டு செய்யப் போகிறவர் தாம் கொண்டுபோவதை, வாங்குகிறவரின் கண்ணாற் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த மாமைற் குளிகையை விட நல்ல உதாரணம் எமக்குத் தெரியவில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016இல் உலக சுகாதார தாபனம் சான்றளித்தது.

எமது பகுதி மாணவிகளுக்கு வருவோம். 1927 நவம்பரில், மாணவர் காங்கிரஸின் அழைப்பில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். உடுவில் மகளிர் பாடசாலையிலும் மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியிலும் மாணவிகளுக்கு உரையாற்றினார். கதர் நிதிக்குப் பணமுடிப்புகள் கொடுக்கப்பட்டன. எட்டாத ஊரொன்றில் நூல் நூற்கும் ஏழைகளுக்காக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சேர்த்த பணம் அது. ஆனால் அதே ஆண்டுகளில் எமது பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாமா, ஒரே பந்தியில் உண்ணலாமா என்பது பெரும் பிணக்காக இருந்தது. சம ஆசனமும் சம போசனமும் சண்டையின்றி வரவில்லை. தூரத்து ஏழைக்குக் கொடுத்த கை, பக்கத்துப் பிள்ளைக்கு இடம் விட மறுத்தது. நூற்றாண்டு மலரில் இதை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். நாம் எழுதவே விரும்புகிறோம். இன்றும் ஒரு குடியிருப்புக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கப் போகிறவர்கள், அந்த வீட்டார் நீட்டும் தேநீரை வாங்கிக் குடிக்கிறார்களா என்று பார்த்தால் தொண்டின் தரம் விளங்கும். 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன, தாம் கற்பித்த நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் கனதொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கு வாழ்ந்தவர்கள் சிங்களச் சமூகத்தில் மிகத் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். அவர்களுடனேயே மாணவர்கள் தங்கி, உண்டு, வேலை செய்தார்கள். சர்வோதயம் அங்கிருந்து வளர்ந்தது. "சிரமதானம்" என்ற சொல் தமிழிலும் நிலைத்துவிட்டது. இப்போது அது பெரும்பாலும் புல் வெட்டுவதையும் படம் பிடிப்பதையும் குறிக்கிறது.

ஆண்களின் சேவைக் கழகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். றோட்டரி 1905இல் சிக்காகோவில் தொடங்கி 1929இல் கொழும்புக்கு வந்தது. லயன்ஸ் 1917இல் அமெரிக்காவிற் பிறந்து, 1958இல் இலங்கைக்கு வந்தது. இரண்டிலும் நீண்ட காலம் பெண்களுக்கு அங்கத்துவம் இல்லை. லயன்ஸ் 1987இலும் றோட்டரி 1989இலுமே கதவைத் திறந்தன. அதுவரை மனைவியர் என்ன செய்தார்கள்? மான்செஸ்டரில் மார்கரெற் கோல்டிங்கின் தலைமையில் றோட்டரியரின் மனைவியர் 1923 நவம்பரிற் கூடினார்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு துருக்கிய நீராவிக் குளியலகத்தின் அறை. 1924 ஜனவரி 10இல் இன்னர் வீல் பிறந்தது. மண்டபம் கிடைக்கவில்லை என்று கூட்டத்தைத் தள்ளிப்போடும் எமது செயற்குழுவினர் அந்தக் குளியலறையை நினைத்துக்கொள்ளலாம். கழகங்களின் பெருமை விருந்துகளில் இல்லை. 1985 முதல் றோட்டரி உலகளவில் இளம்பிள்ளைவாதத்துக்கு எதிராக நின்றது. போர் நடந்த 1990களிற் கூட இங்கே சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கியை ஓய வைத்த நாட்கள் இருந்தன. தொண்டர்கள் குளிர்பெட்டியுடன் போய்ப் பிள்ளைகளின் வாயிற் சொட்டு விட்டார்கள். 1993க்குப் பின் இலங்கையில் அந்த நோய் எவருக்கும் வரவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் தனி ஒருவரின் தொண்டே. 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டிலிருந்த நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஊர்ப் பெரியோர் கூடி, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சிறு வாடகை அறையில் அதை நூலகமாக்கினர். கட்டட நிதிக்குக் களியாட்ட விழாவும் லொத்தர் சீட்டும் நடத்தப்பட்டன. எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் கிடைத்தன. 1959 ஒக்ரோபரில் நூலகம் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடத்தைத் திருப்பிக் கட்ட முடிந்தது. ஏடுகள் திரும்பவில்லை. அந்த இழப்பிலிருந்து பிறந்த ஒரு தொண்டு எமக்கு மிக நெருக்கமானது. 2005 முதல் நூலகம் என்ற இணைய நூலகத்தில் தொண்டர்கள் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் பக்கம் பக்கமாக மின்வருடி ஏற்றி வருகிறார்கள். வீட்டு அலுமாரியில் இருக்கும் ஒரு பழைய மலரைக் கிழியாமற் கொண்டுவந்து கொடுப்பதும், தட்டெழுத்துப் பிழை பார்ப்பதும், படத்திலிருப்பவர்களின் பெயரை நினைவிலிருந்து சொல்வதும் அங்கே வேலைதான். எண்பது வயது அக்காமாரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயர்களைச் சொல்ல முடியாது.

கண்தானத்தின் கதை வீட்டிலேயே தொடங்குகிறது. மருத்துவ மாணவராக இருந்தபோதே ஹட்சன் சில்வா, இறந்த கண்ணுக்கு உயிர் கேட்டுப் பத்திரிகையில் எழுதினார். அவரது தாயார் 1960இல் இறந்தபோது அவரது விழிவெண்படலத்தையே வேறொருவருக்குப் பொருத்தினார். 1961இல் கண்தானச் சங்கம் உருவாயிற்று. தொடக்க நாட்களிற் கண்கள் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், உணவுப் பொருட்களுக்கு அருகே இருந்தன. அவரது மனைவி இராங்கனி அதைப் பார்த்துக்கொண்டார். 1964இல் முதன்முதலாக வெளிநாட்டுக்கு, சிங்கப்பூருக்கு, கண்கள் அனுப்பப்பட்டன. தேநீர் கொண்டுபோகும் பிளாஸ்கில் ஐஸ் போட்டு அனுப்பினார்கள். இன்று உலகின் பல நாடுகளில் இலங்கையர் கண்ணாற் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதில் அங்கத்தவர் செய்யக்கூடியது படிவம் நிரப்புவது மட்டுமல்ல. படிவம் நிரப்பியவர் இறந்த இரவில் வீட்டார் அழுதுகொண்டிருப்பார்கள். யாருக்கும் அது நினைவுக்கு வராது. சில மணித்தியாலங்களுக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய், மகளின் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்கக்கூடியவர் அறிந்த முகமாக இருக்க வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டுத் தொலைபேசி எடுப்பதுதான் அவர் வேலை. முகம் மாறாது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து பார்ப்பதற்கோ கிரியைகளுக்கோ தடையில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்தவர், கற்றராக்ற் சத்திரசிகிச்சை செய்தவர் என்பதற்காகக் கொடுக்க முடியாதென்றும் இல்லை. இந்த நாலு விடயத்தையும் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தாற் போதும்.

இரத்ததானத்தில் நாம் கண்ட ஒரு குறையைச் சொல்ல வேண்டும். கல்லூரி நாளுக்கு ஒன்று, ஜூன் 14 உலக இரத்ததானிகள் நாளுக்கு ஒன்று என்று எல்லாக் கழகங்களும் ஒரே கிழமையில் முகாம் வைக்கின்றன. சிவப்பணுக்களை ஐந்தாறு கிழமைகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. குருதிச் சிறுதட்டுகளுக்கு ஆயுள் ஐந்து நாள். டெங்குக் காலத்திலும் பிரசவ விடுதியிலும் தேவை நாட்காட்டி பார்த்து வருவதில்லை. 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, 50 கிலோவுக்குக் குறையாத, ஹீமோகுளோபின் 12.5க்கு மேலுள்ள ஒருவர் நாலு மாதத்துக்கொரு தடவை கொடுக்கலாம். பெரிய பந்தலும் பதாகையும் இல்லாமல், மாதந்தோறும் பத்துப் பேர் இரத்த வங்கிக்குப் போவதே கூடுதற் பயன். எம்மிற் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு என்பதால், அந்தப் பரிசோதனையே கொடுக்கப் போனவருக்கும் ஓர் உதவியாக முடியும்.

பேரிடர் நேரங்களில் தொண்டின் முகம் மாறும். 1964 டிசெம்பரில் மன்னார்ப் பக்கமாக வந்த சூறாவளி, 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டியெடுத்துத் தொள்ளாயிரம் பேரளவில் பலிகொண்ட சூறாவளி, 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை என்று எமது நூற்றாண்டில் அவை குறைவில்லை. ஆழிப்பேரலையின்போது வந்து குவிந்த உடுப்புகளை நாம் மறக்கவில்லை. குளிர்நாட்டுக் கம்பளி அங்கிகளும் குதியுயர்ந்த சப்பாத்துகளும் முகாம்களின் மூலையில் மலையாகக் கிடந்தன. அங்கே தேவைப்பட்டவை உள்ளாடை, மாதவிடாய்த் துணி, சிறு பிள்ளைக்குப் பால்மா, மூடியுள்ள வாளி. அதைச் சொல்ல வெட்கப்பட்ட பெண்களிடம் போய், கொப்பியும் பேனையுமாக இருந்து ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதியதுதான் தொண்டு. பொதி பிரிப்பது, அளவு பார்ப்பது, வரிசையை ஒழுங்குபடுத்துவது என்று வெளியில் தெரியாத வேலைகள். போர்க் காலத்தில் செஞ்சிலுவைத் தொண்டர்கள் காவிய கடிதங்களையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரு தாளில் குடும்பச் செய்தி மாத்திரம் எழுதலாம். உறையில்லை, ஒட்டுவதில்லை. எழுதத் தெரியாத தாய் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர்கள் எமது மாணவிகளைப் போன்றவர்கள்தான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது தென்மராட்சியில் மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. இடம்பெயர்ந்த மாணவிகள் பலர் தொண்டர் ஆசிரியர்களாக நின்றார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பாடசாலைகள் மூடாமல் இருந்ததற்கு அவர்கள் ஒரு காரணம். ஆனால் ஒரு மாதத்துக்கு என்று வந்தவர்கள் பத்து ஆண்டு, அதற்கும் மேல், சம்பளமின்றியோ சிறு கொடுப்பனவுடனோ கற்பித்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டு வெயிலிற் குந்தியிருந்தார்கள். இளம் பெண்ணின் உழைப்பைத் தொண்டு என்று பெயரிட்டு இலவசமாக எடுத்துக்கொள்வதை நாம் ஏற்க முடியாது. எமது சேவைத் திட்டமும், சம்பளத்துக்குச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டருக்குக் கொடுக்காதிருக்க வேண்டும். சுகாதாரத் தொழிலாளி செய்ய வேண்டியதை அவர் செய்யட்டும். ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு ஆசிரியரை அனுப்பும்படி வலயக் கல்வி அலுவலகத்துக்கு விடாமற் கடிதம் எழுதுவது எமது வேலை.

இனி இன்றைய நிலை. எமது அங்கத்தவரிற் பாதிப்பேர் கடல் கடந்தவர்கள். ஊரிலிருப்பவர்களிற் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர், கிளினிக்குக்குப் போக ஓட்டோக்காரரைப் பார்த்துக் காத்திருக்கிறார். மகன் ரொறன்ரோவிலிருந்து பணம் அனுப்புகிறார். பணம் அவருடன் வைத்தியசாலை வாங்கிலில் ஆறு மணித்தியாலம் குந்தியிராது. மருந்துத் துண்டை வாசித்து, எது காலை எது மாலை என்று பெட்டியிற் பிரித்து வைக்காது. மாதத்தில் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்க ஒருவரால் முடியும். கண்பார்வை மங்கியவருக்குப் பத்திரிகை வாசிக்க இன்னொருவரால் முடியும். சிங்களம் தெரிந்தவர் பொலிஸ் நிலையத்துக்கோ கொழும்பு அலுவலகத்துக்கோ போகவேண்டிய கடிதத்தை எழுதிக் கொடுக்கலாம். கணக்காளராக இருந்தவர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கலாம். 2017இல் நாடெங்கும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு கிழமை எடுக்கும். ஆகவே கிழமைக்கொரு தடவை அரை மணித்தியாலம் ஒழுங்கையிலுள்ள பூச்சாடித் தட்டு, பீலி, இளநீர்க் கோம்பை, பாவிக்காத கிணற்று வாளி ஆகியவற்றைப் பார்த்துக் கவிழ்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். ஆண்டுக்கொரு தடவை நடக்கும் பெரும் சிரமதானத்தால் அது அறுவதில்லை.

வெளிநாட்டிலிருப்பவர்கள் காசோடு நிற்கத் தேவையில்லை. சனிக்கிழமை இரவு அங்கே, ஞாயிறு காலை இங்கே. ஒரு மாணவியுடன் அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் உரையாட ஒரு தொலைபேசியும் பொறுமையும் போதும். ஒரே ஒருவர், ஒரே பிள்ளையுடன், ஒரு தவணை முழுவதும் விடாமற் பேச வேண்டும். நாலு கிழமையில் நிறுத்துவதாயின் தொடங்காமலிருப்பது நல்லது. பிள்ளை காத்திருந்து ஏமாறும்.

எமது செயற்குழுவின் முன் வைத்திருக்கும் பிரேரணை இவ்வளவே: கட்டட நிதி தன் பாட்டில் இருக்கட்டும். அதோடு கல்லூரி அலுவலகத்தில் ஒரு பதிவுப் புத்தகம் வைக்கப்படும். பெயர், ஊர், செய்யக்கூடிய வேலை, மாதத்தில் எத்தனை மணித்தியாலம் என்ற நாலு நிரல். தொகை எழுத இடமில்லை. புத்தகத்தைப் பொறுப்பெடுப்பவர் கேட்ட வேலைக்கு ஆளை இணைப்பார். மூன்று மாதத்துக்கொரு தடவை யார் போனார்கள், யார் போகவில்லை என்று கூட்டத்தில் வாசிக்கப்படும். இதற்கு முன் சங்கம் வெளியிட்ட மலர்கள், ஆண்டறிக்கைகள், குழுப்படங்கள் எவரிடமாவது இருப்பின், மின்வருடுவதற்காக அவற்றை இரண்டு கிழமைக்கு இரவல் தரும்படி அதே அலுவலகத்திற் கேட்டுக்கொள்கிறோம். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை அழிக்க வேண்டாம்.